ஒரே சுவர்க் கடிகாரம்... அவருக்குப் பத்து நிமிடம், மனைவிக்கு இரண்டு நிமிடம்! ஏன்?

காலை 7.50. திருப்பூரில் ஒரு லைன் வீடு. எந்தத் தெரு என்று தேட வேண்டாம். ராக்கியாபாளையம், 15 வேலம்பாளையம், அனுப்பர்பாளையம், பெருமாநல்லூர் என எந்தப் பக்கம் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

கணவர் தலைவாரி, சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் நிற்கும் பைக்கின் மேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறார். மனைவி உள்ளே மூன்றாவது டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் பனியன் கம்பெனியில்தான் வேலை. இருவருக்கும் 8.30-க்கு ஷிஃப்ட்.

"இன்னும் கெளம்பலையா? பத்து நிமிஷமா உக்காந்திருக்கேன்."

"ஏனுங்க, இப்பத்தானுங்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. பாப்பாவுக்கு ஷூ போட்டு விடுங்க, வந்துர்றேன்."

சுவரில் இருப்பது ஒரே கடிகாரம். கணவருக்குப் பத்து நிமிடம் ஓடியிருக்கிறது. மனைவிக்கு இரண்டு நிமிடம். கடிகாரத்தைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும்.

அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். "பொம்பளைங்கன்னாலே லேட்டுதான்" என்று ஒரு குரல். "ஆம்பளைங்களுக்குப் பொறுமையே கிடையாது" என்று பதில் குரல். இரண்டுமே உண்மைதானா? நேரத்தை உணர்வதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பிறவியிலேயே வித்தியாசம் இருக்கிறதா? இல்லை, அது அவரவர் குணமா? அல்லது இரண்டும் இல்லாத வேறு ஏதோ ஒன்றா?

முதலில் ஒரு சின்னச் சோதனை

போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, திரையைக் கவிழ்த்து வையுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது. 'ஒரு நிமிடம் முடிந்திருக்கும்' என்று தோன்றும்போது நிறுத்திப் பாருங்கள்.

45 நொடியிலேயே நிறுத்திவிட்டீர்களா? உங்களுக்கு நேரம் மெதுவாக நகர்கிறது, காத்திருப்பது கஷ்டம். 75 நொடி தாண்டிவிட்டதா? உங்களுக்கு நேரம் தெரியாமலே ஓடுகிறது. வீட்டில் எல்லோரையும் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் சொல்லும் நிமிடம் இன்னொருவருடையது போல இருக்காது.

உடனே யாருக்கும் பட்டம் கட்டிவிட வேண்டாம். பசி, தூக்கம், கோபம் எல்லாம் இந்த எண்ணை மாற்றும். காய்ச்சல்கூட மாற்றும். 1930-களில் அமெரிக்காவில் ஹட்ஸன் ஹோக்லண்ட் என்ற உடலியல் விஞ்ஞானியின் மனைவி ஃப்ளூ காய்ச்சலில் படுத்திருந்தார். மருந்து வாங்கப் போன கணவர் இருபதே நிமிடத்தில் திரும்பிவிட்டார். ஆனால் மனைவியோ, 'இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள்?' என்ற வருத்தத்தில் இருந்தார். வேறு கணவராக இருந்தால் அங்கே சண்டை ஆரம்பித்திருக்கும். ஹோக்லண்ட் சண்டை போடவில்லை. மனைவியை 60 நொடி எண்ணச் சொல்லி, தன் கடிகாரத்தைப் பார்த்தார். காய்ச்சல் கூடக்கூட அவர் வேகமாக எண்ணி முடித்தார். உடம்பின் சூடு ஏறும்போது உள்ளே இருக்கும் கடிகாரமும் வேகமாக ஓடுகிறது என்ற முடிவுக்கு வந்தார் ஹோக்லண்ட். 1933-ல் அது ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்தது.

வீட்டுச் சண்டைக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒருவர் "ரொம்ப நேரம் ஆச்சு" என்று சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவருக்கு நிஜமாகவே அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.

ஆண் கடிகாரம், பெண் கடிகாரம் என்று உண்டா?

இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 'நேர உணர்வில் பாலின வேறுபாடுகள்' என்ற பொருளில் ராபர்ட் மெக்டூகல் என்பவர் 1904-லேயே 'சயின்ஸ்' இதழில் எழுதியிருக்கிறார். அதன் பிறகு எத்தனையோ சோதனைகள். ஒன்றில் ஒரு முடிவு வந்தால், அடுத்ததில் வேறு முடிவு வந்தது.

2000-ம் ஆண்டில் ரிச்சர்ட் பிளாக், பீட்டர் ஹான்காக், டான் ஸகாய் ஆகிய மூன்று உளவியல் ஆய்வாளர்கள், அதுவரை நடந்த பல சோதனைகளை ஒன்றாகத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். கடந்துபோன நேரத்தைப் பெண்கள் சற்று நீளமாக மதிப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. எப்படிச் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறவும் செய்தது.

அந்தச் சின்ன வித்தியாசமும் நம் ஊர்ப் பேச்சுக்கு நேர் எதிரானது என்பதைக் கவனியுங்கள். நேரத்தை நீளமாக உணர்பவர், 'நேரமாகிவிட்டது' என்று முன்கூட்டியே பதற வேண்டியவர். அப்படியானால் வாசலில் முதலில் வந்து நிற்க வேண்டியது பெண்தான். ஆனால் 7.50-க்கு பைக்கின் மேல் உட்கார்ந்திருப்பது அவர் இல்லை. ஆக, காலைச் சண்டைக்குக் காரணம் மூளைக்குள் இருக்கும் ஆண், பெண் கடிகாரம் அல்ல.

அப்படியென்றால் குணமா?

குணத்துக்குப் பங்கு உண்டு. சிலர் எப்போதும் பறந்துகொண்டே இருப்பார்கள். சிலர் ரயில் நகர ஆரம்பித்த பிறகும் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

1950-களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்று இரண்டு இதய மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கிளினிக்கில் நாற்காலிகளுக்குத் துணி மாற்ற வந்தவர், நாற்காலிகளின் முன் ஓரம் மட்டும் தேய்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டாராம். அங்கு வந்தவர்கள் சாய்ந்து உட்காரவில்லை. நுனியில் உட்கார்ந்து, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். இப்படிப்பட்ட அவசரக்காரர்களுக்கு இரண்டு மருத்துவர்களும் வைத்த பெயர்தான் 'டைப் ஏ'. 1959-ல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. நிதானமானவர்கள் 'டைப் பி'.

பின்னாளில் அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப் கான்ட் குழுவினர், கடிகாரம் பார்க்காமல் ஒரு நிமிடத்தைச் சொல்லும்படி இரு வகையினரையும் கேட்டார்கள். டைப் ஏ ஆட்கள் சராசரியாக 58 நொடியில் 'முடிந்தது' என்றார்கள். டைப் பி ஆட்கள் 77 நொடி எடுத்துக்கொண்டார்கள். ஒரு நிமிடத்துக்கே 19 நொடி வித்தியாசம் என்றால், அரை மணி நேரத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். டைப் பி கணவருக்கும் டைப் ஏ மனைவிக்கும், அல்லது மாறி அமைந்தவர்களுக்கும், முகூர்த்தத்துக்குக் கிளம்பும் நாளில் என்ன நடக்கும் என்பது புரியும்.

ஜெர்மனியில் 2006-ல் வெளியான ஓர் ஆய்வு, சோதனைக்கு வந்தவர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதையே குறித்து வைத்தது. பொறுப்புணர்வு அதிகம் உள்ளவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். கவலைப்படும் சுபாவம் உள்ளவர்கள் முன்கூட்டியே வந்தார்கள். நம் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். பத்து மணி பஸ்ஸுக்கு எட்டரைக்கே ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிடுவார். அதை ஒழுக்கம் என்றுதான் நினைத்திருப்போம். அதில் கொஞ்சம் பயமும் கலந்திருக்கிறது.

டைப் ஏ கதையில் ஒரு முக்கியமான இடத்தைச் சொல்ல வேண்டும். 1960-ல் தொடங்கிய அந்த மருத்துவர்களின் பெரிய ஆய்வில் மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள். எல்லோருமே ஆண்கள். அலுவலகம் போகும் ஆணின் அவசரத்தை, இதயம் வரை போய் ஆராய வேண்டிய விஷயமாக மருத்துவ உலகம் பார்த்தது. அடுப்படியில் நிற்கும் பெண்ணின் அவசரம் அந்தக் கணக்கில் வரவில்லை. அது 'அவங்க சுபாவம்' என்று விடப்பட்டது.

பீஸ் ரேட்டில் ஓடும், ஷிஃப்ட்டில் நகராது

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு உண்மை தெரியும். ஒரே ஆளுக்கே நேரம் எல்லா நாளும் ஒரே மாதிரி ஓடாது.

பீஸ் ரேட்டில் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் டெய்லருக்கு, கையில் பீஸ் இருக்கும்வரை நேரம் தெரியாது. ஒவ்வொரு பீஸும் காசு. டீ வந்த பிறகுதான் மணி பதினொன்று என்பது உறைக்கும். அதே டெய்லர், கட்டிங்கில் இருந்து துணி வராமல் சும்மா உட்கார்ந்திருந்தால் பத்து நிமிடமும் ஒரு மணி நேரமாகிவிடும். ஷிஃப்ட் கூலிக்கு நின்றுகொண்டே செக்கிங் பார்ப்பவரின் கண், அடிக்கடி சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வரும்.

உளவியல் சொல்லும் காரணம் எளிமையானது. கவனம் வேலையில் இருந்தால் நேரம் சுருங்குகிறது. கவனம் நேரத்தின் மேலேயே இருந்தால் அது நீள்கிறது. அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொண்டே நின்றால் பொங்குவதற்கு யுகமாகும். திரும்பி ஒரு வெங்காயம் நறுக்கினால் அதற்குள் பொங்கி வழிந்திருக்கும்.

இப்போது 7.50 காட்சிக்குத் திரும்பி வாருங்கள். கணவருக்கு அந்த நேரத்தில் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மனைவியின் கையில் மூன்று வேலை, காதில் நான்காவது, மனதில் ஐந்தாவது. ஐந்து நிமிடம் ஒருவருக்குப் பத்தாக நீண்டதும், இன்னொருவருக்கு இரண்டாகச் சுருங்கியதும் அதனால்தான். இடத்தை மாற்றிப் போட்டால் நிமிடமும் மாறிவிடும்.

ஒன்றரை ஷிஃப்ட்டுக்குப் பிறகு வரும் அரை ஷிஃப்ட்

திருப்பூரில் நாளை ஷிஃப்ட்டில்தான் அளப்பார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட். நான்கு மணி நேரம் அரை ஷிஃப்ட். காலை 8.30-க்கு நுழைந்து இரவு 8.30-க்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிஃப்ட். சம்பளம், கடன், சீட்டு, பள்ளிக் கட்டணம் எல்லாம் இந்த வாரம் எத்தனை ஷிஃப்ட் என்பதைப் பொறுத்தது.

இந்தக் கணக்கில் சேராத ஒரு ஷிஃப்ட் இருக்கிறது. மத்திய அரசின் புள்ளியியல் துறை, மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. 2024-ம் ஆண்டின் கணக்குப்படி, வீட்டில் சம்பளமில்லாத வேலையைச் செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். 2019-ல் இது 299, 97 என்று இருந்தது. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது!

இந்த ஆண்களின் கணக்கு, வீட்டு வேலை ஏதாவது செய்த ஆண்களை மட்டும் வைத்துப் போட்டது. 2019-ல் அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். இது வேலைக்குப் போகிற, போகாத எல்லாப் பெண்களையும் சேர்த்த சராசரி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் 289 நிமிடம் என்பது ஏறக்குறைய ஐந்து மணி நேரம். திருப்பூர்க் கணக்கில் அரை ஷிஃப்ட்டுக்கும் மேல்.

அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட், வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டுக்கு வந்து செய்யும் வேலையைப் பற்றி 1989-ல் எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயரே 'இரண்டாவது ஷிஃப்ட்' என்பதுதான். திருப்பூருக்கு அதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

எத்தனை மணி நேரம் என்பது பாதிக் கதைதான். எப்படிப்பட்ட மணி நேரம் என்பது மீதிக் கதை. பெரிய கார்மென்ட் தொழிற்சாலைகளில் ஒவ்வொரு தையலுக்கும் இத்தனை நிமிடம் என்று ஸ்டாப்வாட்ச் வைத்து நிர்ணயிப்பார்கள். தோள் இணைக்க இவ்வளவு, கழுத்துப் பட்டி வைக்க இவ்வளவு என்று. அந்தக் கறாரான கணக்கில்கூட, உடல் அசதிக்கும் தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் கொஞ்சம் நிமிடம் கூட்டித்தான் வைப்பார்கள். வீட்டில் இட்லி ஊற்றுபவருக்கு அப்படி யாரும் கூட்டி வைப்பதில்லை.

வீட்டில் ஆணுடைய நேரம் பெரும்பாலும் முழுத் துணியாக இருக்கிறது. பெண்ணுடைய நேரம் வெட்டு விழுந்த கட்பீஸாக இருக்கிறது. எட்டு நிமிடம் உட்கார்ந்தால் குக்கர் விசில். ஆறு நிமிடம் போன் பார்த்தால் "அம்மா, ரப்பர் எங்க?" ஓய்வு நேரத்தை ஆராய்ந்த அமெரிக்க சமூகவியலாளர்கள் மரிபெத் மாட்டிங்லி, சூசன் பியாங்கி இருவரும் 2003-ல் இதையேதான் சொன்னார்கள். பெண்களுக்கு ஓய்வு குறைவு என்பது ஒன்று. கிடைக்கும் ஓய்விலும் வேறு வேலை வந்து கலந்துவிடுகிறது என்பது இன்னொன்று.

கை ஓய்ந்தாலும் மனம் ஓய்வதில்லை. கேஸ் எப்போது தீரும், மாமியாருக்கு மாத்திரை இருக்கிறதா, வெள்ளிக்கிழமை பள்ளியில் என்ன டிரஸ் என்று யோசிப்பதே ஒரு வேலை. சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 2019-ல் இதைத் தனியாகவே ஆராய்ந்து, முன்கூட்டியே நினைப்பது, கவனித்துக்கொண்டே இருப்பது போன்றவை பெண்கள் மேல்தான் அதிகம் விழுகின்றன என்று காட்டினார்.

ஆணுக்கும் நஷ்டம்தான்

ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கும் அப்பாவுக்கு நேரம் பஞ்சுமெத்தையாக இருக்கிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஷிப்மென்ட் நெருங்கும் நாட்களில், குழந்தை எழுவதற்கு முன் கிளம்பி, தூங்கிய பிறகு வருகிறவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்த்துப் பேச முடியும்.

இதில் ஒரு பொதுத் தவறும் சேர்ந்துகொள்கிறது. 'நாளைக்கு முடிஞ்சிடும்' என்பது திருப்பூரில் தினமும் கேட்கும் வாக்கியம். மனிதர்கள் எல்லோருக்குமே தங்கள் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நினைப்பு உண்டு. 1994-ல் கனடாவில் மாணவர்களிடம், 'ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள்?' என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55 நாளுக்கும் மேல். பனியன் தொழிலில் இந்தத் தவறுக்கு விலை அதிகம். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டால், சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் இரவு வேலை.

அந்த இரவு வேலை வரும்போது, கணவன் மனைவி இருவரில் யார் கம்பெனியில் தங்குவது, யார் வீட்டுக்கு ஓடுவது என்ற கேள்வி பெரும்பாலான வீடுகளில் எழுவதே இல்லை. பெண்கள் இரவு 7 முதல் காலை 6 வரை தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்ற பழைய சட்டப் பிரிவை, 2000-ம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் கம்பெனி கேட்டைத் திறந்துவிடும் தீர்ப்பால், வீட்டில் அடுப்பை யார் பற்ற வைப்பது என்பதை மாற்ற முடியாது. திருப்பூர்த் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் ஆகியோரின் எழுத்துகளும் இதைக் காட்டுகின்றன. யார் எந்த கம்பெனியில், எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள் என்பதை, சம்பளத்தோடு சேர்த்து வீட்டுப் பொறுப்பும்தான் தீர்மானிக்கிறது.

தீபாவளிக்கு தீபாவளி

"இப்பத்தான் போன தீபாவளி போனஸ் வாங்கின மாதிரி இருக்கு. அதுக்குள்ள அடுத்த தீபாவளி!"

திருப்பூரில் வருடம் தவறாமல் கேட்கும் பேச்சு இது. வயதானால்தான் இப்படித் தோன்றும் என்பார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் 14 முதல் 94 வயது வரை 499 பேரிடம் கேட்டு 2005-ல் வெளியான ஆய்வில், வயதுக்கும் இதற்கும் இருந்த தொடர்பு அவ்வளவு பெரிதாக இல்லை. 'நேரமே போதவில்லை' என்ற நெருக்கடியில் இருப்பவர்களுக்கு வருடங்கள் வேகமாக ஓடுவதாகத் தோன்றுகிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதோடு, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே சொன்னதுபோல, ஒரே மாதிரி கழியும் நாட்கள் நினைவில் தங்குவதில்லை. முந்நூறு நாள் ஒரே காலை, ஒரே டிபன் பாக்ஸ், ஒரே ஷிஃப்ட் என்றால், திரும்பிப் பார்க்கும்போது அது ஒரு நாள் போலத்தான் இருக்கும்.

தீபாவளி வந்ததும் ஊர் காலியாகிறது. தேனிக்கும் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் பஸ்கள் நிரம்பி வழிகின்றன. அங்கேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது.

திருப்பூரில் நிற்க நேரமில்லாமல் பறந்த அதே பெண்ணை, அம்மா வீட்டில் பாருங்கள். எட்டு மணி வரை தூங்குகிறார். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, தங்கை தலைவாரிவிட, ஒரு டம்ளர் காபியை அரை மணி நேரம் குடிக்கிறார். "எந்திரிச்சு வாம்மா, தோசை ஆறுது" என்று அம்மா இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கிறது. பறப்பது அவருடைய குணம் என்றால், அது பஸ் ஏறி அம்மா வீட்டுக்கும் கூடவே வந்திருக்க வேண்டும். வரவில்லையே!

கணவரையும் பாருங்கள். வீட்டில் 'மெதுவான ஆள்' என்று பெயர் எடுத்தவர், கம்பெனியில் ஃபிளாட்லாக் மெஷினில் லைனிலேயே வேகமான டெய்லராக இருக்கக்கூடும். வீட்டில் அவர் மெதுவாக இருப்பதற்குக் காரணம், அவர் வேகமாக இருந்தே ஆக வேண்டிய வேலை எதுவும் வீட்டில் அவர் பெயரில் இல்லை என்பதுதான்.

மற்றவர் செய்வதற்கு அவர் குணத்தைக் காரணம் சொல்வதும், நாம் செய்வதற்கு நம் நிலைமையைக் காரணம் சொல்வதும் மனித இயல்பு. 'அவ எப்பவும் பரபரப்பு', 'அவர் எப்பவும் அலட்சியம்' என்ற இரண்டு தீர்ப்பும் அப்படி வந்தவைதான். குணம் கொஞ்சம் இருக்கிறது. ஆண், பெண் என்ற பிறப்பு வித்தியாசம் அதைவிடக் கொஞ்சம். யாருடைய நேரத்தை யார் வேண்டுமானாலும் குறுக்கே வந்து வெட்டலாம் என்பதுதான் பெரிய வித்தியாசம்.

மூன்று நாள் ஓய்வு யாருக்கு?

2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு மாறாது, நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று அரசுத் தரப்பில் விளக்கினார்கள். தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் கடுமையாக எதிர்த்தன. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

அந்த விவாதத்தில் உடல் நலம், கூலி, உரிமை எல்லாம் பேசப்பட்டன. வீட்டுக்குள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி. மூன்று நாள் விடுமுறை கிடைத்தால், அது இருவருக்கும் ஓய்வாக இருந்திருக்குமா? விடை தேட சட்டப்பேரவைக்குப் போக வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போதும்.

சனிக்கிழமை இரவு சம்பளம். ஞாயிறு காலை அவர் தாமதமாக எழுகிறார், கறி வாங்கி வருகிறார், முடி வெட்டிக்கொள்கிறார், மதியம் தூங்குகிறார். வாரம் முழுக்க உழைத்தவருக்கு அந்தத் தூக்கம் நியாயமானது. அதே வாரம் முழுக்க உழைத்த மனைவிக்கு, ஆறு நாள் துணி, அந்தக் கறிக்கான மசாலா, வாரத்துக்கான மாவு, குழந்தையின் எண்ணெய்க் குளியல். அவருடைய ஞாயிறு நீளமாக விடிந்து நிதானமாக அடைகிறது. மனைவியின் ஞாயிறு எப்போது வந்தது என்று தெரிவதற்குள் திங்கள் அலாரம் அடிக்கிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

ஒன்று: ஒரு ஞாயிறு மட்டும், வீட்டில் ஒவ்வொருவரும் எத்தனை முறை குறுக்கே கூப்பிடப்பட்டார்கள் என்று போனில் கோடு போட்டுக் குறித்து வையுங்கள். எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்று சண்டை போட வேண்டாம். கோடுகளை மட்டும் எண்ணுங்கள்.

இரண்டு: அதிகக் கோடு வாங்கியவருக்கு, தினமும் அரை மணி நேரம் முழுத் துணியாகக் கொடுங்கள். அந்த நேரத்தில் வீடு தீப்பிடித்தாலொழிய அவரைக் கூப்பிடக் கூடாது. தூங்கட்டும், சீரியல் பார்க்கட்டும், சும்மா சுவரைப் பார்த்து உட்காரட்டும். காரணம் கேட்க வேண்டாம்.

மூன்று: காலை வேலைகளில் ஏதாவது ஒன்றை முழுதாக மாற்றிக்கொள்ளுங்கள். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்பது அரைகுறை உதவி. சொல்வதும் நினைவு வைப்பதும் பழைய ஆளிடமே தங்கிவிடுகிறது. குழந்தையைக் கிளப்புவது உங்கள் பொறுப்பு என்றால் யூனிஃபார்ம், ஷூ, சாக்ஸ், டைரியில் கையெழுத்து, தண்ணீர் பாட்டில் எல்லாமே உங்கள் நினைவில் இருக்க வேண்டும்.

முதல் நாள் தடுமாறும். திங்கள் காலை 7.50-க்கு மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு பைக் அருகே வந்து நிற்பார். உள்ளே கணவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து, இன்னொரு சாக்ஸைத் தேடிக்கொண்டிருப்பார்.

"ஏனுங்க, பத்து நிமிஷமா நிக்கறனுங்க!"

"இப்பத்தானே ரெண்டு நிமிஷம் ஆச்சு!"